அம்மாவுக்குக் கடல் பயம்

ஜனவரி 7, ஞாயிறு. சென்னை.

என் கால் நடுங்கியது யாருக்கும் தெரியவில்லை என்று பரிமளம் அக்கா சொன்னார். மேசை விரிப்பு தரைவரை தொங்கியதால் இருக்கலாம்.

புத்தகக் காட்சியில், அக்காவின் பதிப்பக அரங்கிலேயே வெளியீடு. தொகுப்பின் பெயர் ‘பச்சைக்கல்’. சூளையில் அடுக்குவதற்கு முன் வெயிலில் காயப்போட்டிருக்கும் செங்கல்லை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பின்னட்டையில் ‘இருளர் குடியிலிருந்து ஒரு குரல்’ என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் தெரியாதபடி ஒரு பிரதியைத் திருப்பி வைத்தேன். அக்கா மறுபடியும் திருப்பி வைத்தார்.

‘அலை’ என்ற கதையைப் படித்தேன். மாசி மகத்தன்று எங்கள் ஆட்கள் எல்லோரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவது, சேலையைச் சுற்றிக் கட்டிக் குடிசை போடுவது, விடியலில் மணலால் ஏழு படிக்கட்டு கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிடுவது எல்லாம் அதில் வரும். அந்தக் குடும்பத்தில் அம்மா மட்டும் ஒருமுறைகூடப் போவதில்லை. அவளுக்குக் கடல் என்றால் பயம்.

முடித்ததும் ஒருவர் எழுந்து, “இதெல்லாம் உண்மையாம்மா, இல்ல கற்பனை கலந்ததா?” என்றார். இந்தக் கேள்வி வரும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். தயங்காமல் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

“ஒரு வரிகூடக் கற்பனை இல்ல” என்றேன். கைதட்டினார்கள். யாரோ படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 9, செவ்வாய்.

அந்த வீடியோவைத் தங்கை மோனிஷா நாலு முறை பார்த்தாளாம். “அக்கா, நீ பொய் சொல்றப்போ மூக்கத் தொடுவ இல்ல, அதுல தொட்டே” என்றாள். போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 18, வியாழன். வீட்டில்.

வீடு என்று எழுதுவது பழக்கம். சூளை நிலத்தில் முதலாளி விட்டிருக்கும் குடிசை. நானும் மோனிஷாவும் பிறந்தது இங்கேதான். நைனாவும் அம்மாவும் இன்னும் இங்கேயே செங்கல் அறுக்கிறார்கள். நான் மட்டும் நூலகத்துத் தினக்கூலி வேலைக்காக டவுனில் அறை எடுத்திருக்கிறேன்.

மோனிஷாவின் சாதிச் சான்றிதழுக்கு விசாரணை தொடங்கிவிட்டது. பிளஸ் டூ முடித்து நர்சிங் சேர அது வேண்டும். எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இல்லாமலே பி.ஏ. முடித்தேன். உதவித்தொகை கிடையாது, விடுதி கிடையாது, பஸ்ஸில் போய்வந்தேன். நர்சிங் அப்படிப் படிக்க முடியாது.

நேற்று விசாரணைக்கு ஒருவர் வந்து நைனாவிடம், “இருளர்னு சொல்றியே, எலி புடிப்பியா? புடிச்சுக் காட்டு பாக்கலாம்” என்றிருக்கிறார். நைனா மண்வெட்டியோடு வரப்பில் அரைமணி நேரம் தோண்டியிருக்கிறார். எலி கிடைக்கவில்லை.

“எலிக்கு முன்னாடியே தகவல் போயிருச்சு போல” என்று சொல்லி நைனா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவருடைய உள்ளங்கை கொப்பளித்திருந்தது. நாற்பது வருடம் கல் அறுத்த கை அரைமணி நேரத்தில் கொப்பளிக்குமா என்று பிறகு யோசித்தேன். அரைமணி நேரமாக இருந்திருக்காது.

பிப்ரவரி 21ஆம் தேதி குடும்பத்தோடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம். புத்தக அட்டையில் நான் இருளர். அரசு ஏட்டில் இன்னும் யாரும் இல்லை.

ஜனவரி 20, சனி. மதுரை.

கல்லூரி அரங்கம். தலைமை தாங்கிய பேராசிரியர், “இவ்வளவு சுத்தமான தமிழ் இவங்களுக்கு எப்படி வந்ததுன்னு வியப்பா இருக்கு” என்றார். ஒன்றாம் வகுப்பு டீச்சர் அடித்ததால் வந்தது என்று சொல்ல நினைத்தேன். நன்றி என்று சொன்னேன்.

தங்கும் விடுதியில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதன்மேல் விற்காத புத்தகக் கட்டை வைத்தேன். விற்காத புத்தகத்துக்கு ஒரு பயன்.

ஜனவரி 28, ஞாயிறு. கோவை.

முன்வரிசையில் மடியில் குழந்தையோடு ஒரு பெண். குழந்தை அழுததால் எழுந்து போய் நின்றுகொண்டே கேட்டார்.

“ஒரு சந்தேகம்ங்க. அந்தம்மா கடலைப் பாத்ததே இல்லைன்னு மூணாம் பக்கத்துல வருது. பாக்காததுக்கு ஒருத்தரு எப்படிங்க பயப்படுவாங்க?”

நான் தண்ணீர் குடித்தேன். இன்னும் கொஞ்சம் குடித்தேன். அக்கா ஒலிபெருக்கியை வாங்கி, கடல் என்பது இங்கே வெறும் கடல் அல்ல, அது ஒரு குறியீடு என்று விளக்கினார். அந்தப் பெண் தலையாட்டினார். அவர் நம்பவில்லை. குழந்தையும் நம்பாததுபோல இன்னும் பலமாக அழுதது.

ஜனவரி 29, திங்கள். பஸ்ஸில்.

அம்மா தன் வாயால் சொன்னதைத்தான் நான் எழுதினேன். “எனக்குக் கடல்னா பயம் கண்ணு, நீங்க போய்ட்டு வாங்க.” வருடாவருடம் சொன்னாள். அதனால் அது பொய் இல்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு. புதுச்சேரி.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கூட்டம் சிறியது, முப்பது பேர் இருப்பார்கள். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் படிக்கத் தொடங்கியபோதுதான் முகத்தைப் பார்த்தேன். பிரசன்னா. முதலாளியின் மகன். முதலாளி ஒன்றியக் கவுன்சிலர் ஆனதிலிருந்து சூளையைப் பார்த்துக்கொள்வது இவர்தான்.

எந்த வரியில் இருந்தேன் என்று தெரியவில்லை. ஒரு பத்தியை இரண்டு முறை படித்தேன் என்று அக்கா பிறகு சொன்னார்.

கையெழுத்து வாங்க வரிசையில் நின்று வந்தார். எழுந்து நிற்கக் கூடாது என்று நினைத்தேன். எழுந்துவிட்டேன்.

“உக்காரு, உக்காரு. நீ இப்போ பெரிய ரைட்டரு” என்றார். பக்கத்தில் நின்றவர்களிடம், “எங்க சூளைப் பொண்ணு இது. எங்க கண்ணு முன்னாடி வளந்தது” என்றார். அவர்கள் பூரித்துப் போனார்கள். ஒருவர் எங்கள் இருவரையும் சேர்த்துப் படமெடுத்தார்.

“யார் பேருக்கு எழுதட்டும்ண்ணா?”

“பேரு வேணாம். கையெழுத்து மட்டும் போடு. ஊரும் தேதியும் போடு, ஞாபகமா இருக்கட்டும்.”

போட்டேன். இதுவரை போட்ட கையெழுத்துகளில் பெயர் இல்லாதது அது ஒன்றுதான்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு குனிந்து மெதுவாகப் பேசினார். “அந்த அலைக் கதை நல்லா இருக்கு அமுலு. அம்மாவுக்குக் கடல் பயம். அழகா எழுதியிருக்கே. அப்படியே இருக்கட்டும்.” பிறகு நிமிர்ந்து சாதாரணக் குரலில், “மோனிஷா சர்டிபிகேட்டுக்கு இருபத்தொண்ணாந்தேதி வரச் சொல்லியிருக்காங்க இல்ல? நான் பேசிக்கிறேன். நீ டென்ஷன் ஆகாத” என்றார்.

தேதி அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை. இனியும் யோசிக்கப் போவதில்லை.

பிப்ரவரி 5, திங்கள்.

சாப்பிடவில்லை. நூலகத்தில் ஒரே அலமாரியை இரண்டு முறை அடுக்கினேன்.

பிப்ரவரி 9, வெள்ளி.

மோனிஷா பள்ளியிலிருந்து டீச்சரின் போனில் பேசினாள். அலுவலகத்திலிருந்து ஆள் வந்திருந்தாராம். எங்கள் குடும்பம் இருளர் இல்லை என்று ஆட்சேபணை மனு வந்திருக்கிறதாம். கூடவே என் கதையின் நகல்.

“நைனா வாக்குமூலத்துல, வருசாவருசம் குடும்பத்தோட மாசி மகத்துக்குப் போவோம்னு சொல்லியிருக்காரு. நீ அம்மா போனதே இல்லன்னு எழுதியிருக்க. இருளர் பொம்பள கடலுக்குப் பயந்துகிட்டுக் கன்னியம்மாவைக் கும்பிடாம இருப்பாளா, அப்போ உங்கம்மா வேற ஆளுன்னு கேக்கறாங்க.”

“அது கதைன்னு சொல்லு.”

“சொன்னேன். வீடியோவப் போட்டுக் காட்டுனாரு.”

ஒரு வரிகூடக் கற்பனை இல்ல. மூக்கைத் தொட்டுக்கொண்டு நான்.

அவள் திட்டியிருக்கலாம். “அக்கா, எனக்கு நாளைக்குக் கெமிஸ்ட்ரி ரிவிஷன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பரிமளம் அக்காவிடம் சொன்னேன். கற்பனை என்று எழுதிக் கொடுத்துவிடலாம், வக்கீலிடம் கேட்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். “கற்பனைன்னு எழுதிக் குடுத்தா, வேற எதுவும் உண்மையில்லன்னு ஆயிடும் அமுலு. நீ இருளர்ங்கறதும் கற்பனைதானேன்னு கேப்பான். ஆமா, நான் கேக்கவே இல்லியே. உங்கம்மா நிஜமாவே ஏன் போகல?”

சிக்னல் சரியாக இல்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு. வீட்டில்.

அம்மா காயும் கற்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் கூட உட்கார்ந்து திருப்பினேன்.

“உன் தங்கச்சி படிச்சுக் காட்டுச்சு” என்றாள். “நான் பயந்தாங்கொள்ளின்னு ஊரு பூரா சொல்லிட்டு வரியாமே. இன்னா மே, பாம்ப வாலப் புடிச்சுத் தூக்கிப் போட்டவ நானு.”

சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

“அம்மா, விசாரணையில கேப்பாங்க. ஏன் போகலன்னு.”

“பயம்னு சொல்றேன்.”

“சொன்னா சர்டிபிகேட் கிடைக்காதும்மா.”

“மாத்திச் சொன்னா இந்தக் குடிசை கெடைக்காது.” அடுத்த கல்லைத் திருப்பினாள். “இன்னா பண்றது சொல்லு. நீதான் படிச்சவ.”

எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக, மூன்று கல்லைத் திருப்பினேன். ஒன்று உடைந்துவிட்டது.

பிப்ரவரி 12, திங்கள்.

சரி. எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

மாசி மகத்துக்கு முதல் நாள் சூளை டிராக்டரே எங்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விடும். முதலாளியின் தயவு. எல்லோரும் ஏறியதும் அவர் பின்பக்கம் வந்து நிற்பார். “வீட்டுக்கு ஒருத்தர் எறங்கு” என்பார். போனவர்கள் திரும்பி வர வேண்டும் அல்லவா. முன்பணம் வாங்கியவர்கள் அப்படியே ஓடிவிட்டால்? அதற்காக வீட்டுக்கு ஒருவர் சூளையிலேயே நிற்க வேண்டும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. மழை வந்தால் கல்லை மூடுவதுபோல அதுவும் ஒரு வழக்கம்.

எனக்கு எட்டு வயதில், எங்களை முதல்முறையாகப் போகவிட்ட வருடம், அவர் என்னைக் கை காட்டினார். சின்னப் பிள்ளையை நிறுத்தினால் அப்பனும் ஆத்தாளும் நிச்சயம் திரும்புவார்கள் என்று நினைத்திருப்பார். நான் டிராக்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அம்மா இறங்கினாள். சூளையிலேயே வளர்ந்து அதுவரை கடலையே பார்க்காதவள்; மோனிஷா அப்போது அவள் வயிற்றில்.

“எனக்குக் கடல்னா பயம் கண்ணு, நீங்க போய்ட்டு வாங்க.”

அன்று நான் நம்பினேன். அடுத்த வருடம் நம்பவில்லை. ஆனாலும் அம்மா இறங்கும்போது நான் கம்பியை விடவில்லை. அதற்கடுத்த வருடமும் விடவில்லை. புத்தகத்தில் இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்றால் முதலாளிக்குப் பயந்து என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு. எங்கள் மாவட்டப் புத்தகக் காட்சி.

மேடையில் என் இடப்பக்கம் பிரசன்னா. நிகழ்ச்சியின் புரவலர். எனக்குப் பொன்னாடை போர்த்தியதும் அவர்தான்.

நைனாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். பிரசன்னாதான் சூளை வண்டியிலேயே அழைத்து வந்திருந்தார். அம்மா ஊதாச் சேலையில், காலை மடக்கி நாற்காலிமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ‘அலை’யைப் படிக்க வேண்டும், அந்த வரி வரும்போது புத்தகத்தை மூட வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும். பக்கத்தில்கூட அடையாளம் வைத்திருந்தேன்.

வேறு கதை படித்தேன். கிளிக்குஞ்சு பற்றியது. எல்லோரும் ரசித்தார்கள்.

இறங்கியதும் பிரசன்னா, “நல்ல பொண்ணு” என்றார்.

பிப்ரவரி 21, புதன்.

காலை பத்து மணிக்கு வரச் சொல்லி, பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தட்டச்சு செய்ய ஒருவர்.

அதிகாரி கோப்பைத் திறந்தார். மேலே என் கதையின் நகல். மனு கொடுத்தவர்கள் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் சேர்த்தே நகலெடுத்திருந்தார்கள். அதில் என் கையெழுத்து. மேலே பெயர் இல்லை. கீழே, புதுச்சேரி, 4.2.

பேசிக்கொள்கிறேன் என்றவர் பேசிவிட்டார்.

பயம் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. காதுக்குள் சூளை எரிவதுபோல இருந்தது.

“இது நீ எழுதினதாம்மா?”

“ஆமா மேடம்.”

“உங்கம்மா கடலுக்குப் பயந்து மாசி மகத்துக்குப் போனதே இல்ல. உண்மையா, பொய்யா? ஏதாவது ஒண்ணு சொல்லு. எனக்கு இன்னும் பதினாலு ஃபைல் இருக்கு.”

அம்மா முந்திக்கொண்டாள். “பயம்தாங்க மேடம்.”

“அப்போ உங்க வீட்டுக்காரர் குடும்பத்தோட போவோம்னு ஏன் சொன்னார்?”

நைனா தரையைப் பார்த்தார். மோனிஷா பள்ளிச் சீருடையில் ஓரமாக நின்றிருந்தாள். செய்முறைத் தேர்வு முடிந்து நேராக வந்திருந்தாள். கைக்குட்டையைக் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் அழுதுவிட்டிருப்பேன்.

“அது பொய் மேடம்” என்றேன். “எங்கம்மா எங்ககிட்ட சொன்ன பொய். நான் தெரிஞ்சே எழுதினேன். அம்மாவை வண்டியிலேர்ந்து இறக்கி விட்டுட்டாங்க. ஒவ்வொரு வருசமும்.”

“யார் இறக்கினது?”

நூற்று அறுபது பக்கப் புத்தகத்தில் எங்குமே நான் எழுதாத பெயர். சொன்னேன். முதலாளியின் பெயரைச் சொல்லி, அவர் மகனின் பெயரையும் சொன்னேன். நைனா என் முழங்கையைப் பிடித்தார். நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிடித்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

தட்டச்சு செய்பவர் கையை எடுத்துவிட்டு, “மேடம், இதையும் ஏத்தணுமா?” என்றார்.

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். “நீ சொல்லும்மா. அன்னிக்கு எல்லாரும் போயிட்டாங்க. நீ தனியா என்ன பண்ணுவே?”

“கல்லத் திருப்பிப் போடுவேங்க.”

“அது சரி. சாமி கும்பிட மாட்டியா?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

“மணல் ஏது மேடம் அங்க. பச்சைக்கல்லு ஏழு எடுப்பேன். படி மாரி ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி வைப்பேன். அரளிப் பூ இருக்கும், அத வெச்சு, வெளக்கு ஏத்தி, கன்னியம்மாவ அங்கியே வாம்மான்னு கூப்புடுவேன். வண்டி திரும்பி வர்றதுக்குள்ள கல்ல எடுத்துப் பழையபடி வரிசையில வெச்சிருவேன். எண்ணிப் பாப்பாங்க இல்ல.” பிறகு, “அந்தக் கல்லெல்லாம் சுட்டு வித்தாச்சு. யாரு ஊட்டுச் செவுத்துல இருக்குதோ. அவங்க நல்லா இருக்கட்டும்” என்றாள்.

அதிகாரி கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

“ஏத்துங்க” என்றார் தட்டச்சு செய்பவரிடம். “அவங்க சொன்ன வார்த்தையிலயே ஏத்துங்க. வண்டி விஷயமும்.”

சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டேன். மேலே அனுப்புகிறேன் என்றார். கிடைக்கும் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்.

சூளைக்கு யாரும் நைனாவைக் கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பரிமளம் அக்காவுக்கு எல்லாம் சொன்னேன். வக்கீலை அழைத்துக்கொண்டு திங்கட்கிழமை வருகிறார்.

பிப்ரவரி 24, சனி. மாமல்லபுரம், மாசி மகம்.

டிராக்டர் வரவில்லை. எங்களுக்கு மட்டும் வரவில்லை. அரசு பஸ்ஸில் வந்தோம், நாலு பேரும். குடிசைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்தோம். திரும்பும்போது எங்கள் பூட்டு இருக்குமா, அவர்கள் பூட்டு இருக்குமா என்று தெரியாது. சாமான்களில் முக்கியமானவற்றை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்துவிட்டோம். மோனிஷா பாடப் புத்தகங்களை முதுகில் சுமந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தேர்வு.

பஸ்ஸில் என் போன் மூன்று முறை அடித்தது. பிரசன்னா. எடுக்கவில்லை. அம்மா, “அத அமுத்திப் போடு, தூக்கம் கெடுது” என்றாள்.

கரை முழுக்க சேலைக் குடிசைகள். எங்களைப் பார்த்து ஒரு சித்தி, “அடியே மங்கா, கடலு உன்னைக் கடிக்காதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?” என்று கத்தினாள். சிரிப்பு வரிசையாகப் பரவியது. அம்மா அவளுக்குப் பழிப்புக் காட்டிவிட்டு நடந்தாள். வேகமாகத்தான் நடந்தாள். ஈரமணல் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டாள்.

ஒரு பெரிய அலை எழுந்து விழுந்தது.

அம்மா பின்னால் பாய்ந்து என் கையைப் பிடித்தாள். நகம் பதியும்படி பிடித்தாள்.

“ஐயோ கண்ணு” என்றாள். “நெசமாவே பயமாத்தான் இருக்குது.”

நான் அவளை விடவில்லை. அவளும் பின்வாங்கவில்லை. அடுத்த அலை எங்கள் இருவரின் காலையும் நனைத்துவிட்டுப் போகும்வரை அங்கேயே நின்றோம்.